பானை பொங்கும்போது கத்த ஆள் வேண்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப்போன பிள்ளைகளுக்கு,

பசியாறிவிட்டீர்களா? வெறும் வயிற்றோடு டீச்சர் பேச்சைக் கேட்கிற பொறுமை உங்களுக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். காலை வகுப்பில் மூக்கு ஒழுக, சுவெட்டர் கையைக் கடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான்.

இந்த மடலுக்குக் காரணம் உங்களில் ஒருவன். பேர் வேண்டாம், படித்தால் அவனுக்கே தெரியும். கிறிஸ்மஸ் வாரத்தில் ஒருநாள் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகிற சாலையில், கையில் இரண்டு கட்டுக் கீரையோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது.

“டீச்சர்! இன்னும் இங்கதான் இருக்கீங்களா?”

“இல்லப்பா, நானும் சுத்திப் பாக்கத்தான் வந்தேன்” என்றேன்.

சிரித்தான். பின்னால் இரண்டு பிள்ளைகள், தலையில் ஸ்ட்ராபெரித் தொப்பி. இரண்டு ராத்திரிக்கு அறை எடுத்திருக்கிறார்களாம். ஸ்ட்ராபெரி பறித்தாயிற்று, தேனீப் பண்ணை பார்த்தாயிற்று, ராத்திரி ஸ்டீம்போட், நாளைக்குத் தேயிலைத் தோட்டம். “வீட்டுப் பக்கம் போனியா?” என்று கேட்டேன். அவன் அம்மா இருந்த லயத்து வீட்டில் இப்போது வேறு ஆள் இருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது. “எங்க டீச்சர் போறது, ஜேம பாத்தீங்கள்ல” என்றான். முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் கிடைத்தது, நகர்ந்தான். ஐம்பது அடி தள்ளி நான் மறுபடி அவனைக் கடந்தேன். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது; திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுகிற சம்பளம் எனக்கு நின்றுபோய் நாளாகிறது.

டிசம்பரில் நீங்கள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். மலைக்கு ஒரே முதுகெலும்பாக இருப்பது 59-ஆம் எண் சாலை. ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம், டிரிங்காப், கோலத் தெர்லா, கம்போங் ராஜா என்று எல்லா ஊரும் அதில் கோத்த மணிகள். தாப்பா வழியாக ஏறினாலும் சிம்பாங் பூலாய் வழியாக வந்தாலும் கடைசியில் எல்லோரும் அந்த ஒரே நூலில்தான் வந்து மாட்ட வேண்டும். கீ ஃபார்ம் சந்தை வாசலில் ஒரு கார் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்க நின்றால் போதும், பிரிஞ்சாங் வரைக்கும் பிரேக் விளக்கு எரியும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று கீழே சொல்கிறீர்களே, மலையில் அது அப்படியே உண்மை. டிசம்பர் முடிந்தால்தான் இங்கே வழி பிறக்கிறது.

ஹோட்டல் வாசல்களில் பஞ்சு ஒட்டிய செயற்கை மரம், அதன் அடியில் வெறும் டப்பாவுக்குச் சுற்றிய பரிசுப் பொட்டலம். இருபது டிகிரி வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள். நான் கேலி செய்யவில்லை. கிள்ளானின் புழுக்கத்தில் பதினோரு மாதம் வெந்தவர்களுக்கு ஒரு சுவெட்டர் போட்டுக்கொள்ளவே இரண்டு நாள் வாடகை கொடுக்கலாம். ஆனால் இந்தப் பண்டிகைக் கோலத்தை யார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும். சரித்திர வகுப்பில் தூங்கியவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

1885-ல் வில்லியம் கேமரன் என்கிற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். அதன் பிறகு நாற்பது வருஷம் இது பேருக்குத்தான் இருந்தது. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத் தலமாக்கும் யோசனை வலுத்தது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் தேயிலைக்கு நிலம் எடுத்தார். கூட இருந்தவர் மில்ன், இலங்கைத் தேயிலையில் பழுத்தவர். 1933-ல் பாரத் தோட்டம் தொடங்கியது, அது வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தாருடையது. 1934-ல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற அம்மையார் திறந்தார். கீழே இருந்தால் பிள்ளை வெளுத்துச் சோர்ந்துவிடும், மலைக்காற்று பட்டால் கன்னம் சிவக்கும் என்று நம்பிய காலம். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக, உள்ளே கணப்பு அடுப்போடு பங்களாக்கள் எழும்பின. இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு ராணுவப் பிள்ளைகளுக்கு ஸ்லிம் பள்ளி. 1950களின் கடைசியில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே ஆல் சோல்ஸ் கோயில். தகரத்தை வில்லாக வளைத்துப் போட்ட ராணுவக் கொட்டகை மாதிரி இருக்குமே, அதுதான்.

அந்தக் கோயிலில் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்வந்த ஒருவர், அன்று பிற்பகல் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் புறப்பட்டார். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன். ராணுவமும் ஒராங் அஸ்லி மக்களும் காட்டைச் சலித்தும் ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. விடுமுறைக்கு மலைக்கு வந்து திரும்பிப் போகாத ஆள் என்று பேர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். நீங்கள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பிப் போய்விடுகிறீர்கள்.

ஆக, இந்தக் குளிர்கால விடுமுறை என்பது ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரன் தன் ஊரை ஞாபகப்படுத்திக்கொள்ளக் கட்டிய மேடை. அவன் பனியை நினைத்தான். கணப்பைப் போட்டான். அவன் போனபிறகும் மேடை நின்றுவிட்டது. இப்போது நீங்கள் அதில் ஏறி நிற்கிறீர்கள். நிற்பதில் தப்பில்லை. ஆனால் மேடைக்கு நேர் கீழே உங்கள் சொந்த ஞாபகம் ஒன்று கிடக்கிறது, அதற்கும் ஒரு குளிர்காலப் பண்டிகை உண்டு என்பதுதான் என் பேச்சு.

கிறிஸ்மஸுக்கு எதிராக நான் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். லயத்தில் வேதக்காரக் குடும்பங்கள் எத்தனை இருந்தன! மூங்கிலைச் சீவி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த நட்சத்திரம் டிசம்பர் முதல் வாரமே ஏறிவிடும். குடிலுக்குப் பாசி எடுக்க நாங்கள், சைவப் பிள்ளைகள், காட்டோரம் போவோம். பிரிஞ்சாங் மலை உச்சிப் பக்கம் பாசி மெத்தை மாதிரி கிடக்கும்; அதைப் பெயர்க்கக் கூடாது என்று அன்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேரல் பாட்டு லாரியில் வரும். பின்னால் ஏறிக்கொண்டு, வார்த்தை தெரியாத இடத்தில் வாயை மட்டும் அசைப்போம். அச்சுமுறுக்கும் கேக்கும் தட்டுத் தட்டாக வரும். தட்டைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாள். அந்தக் கிறிஸ்மஸ் எங்களுடையது. அது நடந்ததும் லயத்தில்தான், ஹோட்டல் வாசலில் அல்ல.

இன்னொன்று. குளிருக்காக டிசம்பரில் வருகிறீர்கள். சொன்னால் வருத்தப்படுவீர்கள்: டிசம்பர் இங்கே குளிர் மாதத்தைவிட மழை மாதம். வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரம் மலையில் தங்கியிருக்கும். சுத்தமான குளிர் அதற்குப் பிறகு, வானம் வெளுத்த ஜனவரி, பிப்ரவரி இரவுகளில்தான் இறங்கும். நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவானது இங்கேதான், 7.8 டிகிரி, தேதி 1978 பிப்ரவரி 1. அதாவது தை மாதம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சொன்னவர்கள் இந்த மலையைப் பார்த்ததில்லை. ஆனாலும் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

மழையில் நனைந்த மலைச்சரிவு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2022 டிசம்பர் 16-ல் பத்தாங் காலியில், பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 உயிர் போனது. நம் மலையிலேயே, 2024-ல் தைப்பூசத்துக்கு மறுநாள் விடியுமுன், புளூ வேலியில் மியான்மார்த் தொழிலாளர் ஐந்து பேர் மண்ணுக்குள் போனார்கள். முந்தின நாள்தான் கீழே காவடி ஆடி முடிந்திருந்தது. நீங்கள் வாங்கிப்போகும் முட்டைக்கோஸையும் செவ்வந்தியையும் விளைவிக்கிறவர்கள் அப்படிப்பட்ட சரிவுகளின் ஓரத்தில்தான் படுத்து எழுகிறார்கள். பண்டிகை மடலில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மலையைப் பற்றிப் பாதிதான் எழுதியதாகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா பாருங்கள். மார்கழி கடைசி வாரத்தில் காய்கறி லாரிகள் கோலாலம்பூர்ச் சந்தையில் முட்டைக்கோஸை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்போது கரும்பை ஏற்றிக்கொண்டு வரும். தென்னங்குருத்து, மாவிலை எல்லாமே கீழே இருந்து வந்தால்தான் உண்டு. இந்த உயரத்தில் தென்னை எங்கே இருக்கிறது? நம் தோட்டத்தில் சொந்தமாக இருந்தது விறகு ஒன்றுதான். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, பிடுங்கிப்போட்ட பழைய தூர். தேயிலைக் கட்டை நின்று எரியும். புகைக்கு ஒரு தனி வாசனை உண்டு. இருபது வருஷம் கழித்து ஷா ஆலாமில் எங்கோ குப்பை எரிக்கும்போது அந்த வாசனை வந்து, காரை நிறுத்திவிட்டு நின்றதாக உங்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

விடியுமுன் கோயில் முன்னால் வரிசையாகக் கல் வைத்து அடுப்பு. சூரியனுக்குத்தான் பொங்கல், ஆனால் சூரியன் வருவதாக இல்லை. ஜனவரியில் ஏழேகாலுக்கு மேல்தான் விடிகிறது. அதுவும் நம் லயம் பள்ளத்தில், கிழக்கே மேடு, மேட்டின் மேல் பஞ்சுப் பொதியாக மூடுபனி. 1982 ஜனவரி 1-ல் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். இரண்டு வாரத்தில் பொங்கல் வந்தது. புது நேரத்தில் பானை வைப்பதா, பழைய நேரத்திலா என்று லயத்தில் பெரிய வழக்கு. கங்காணி புது நேரம் என்றார், என் அம்மா சூரியனுக்கு சர்க்குலர் போயிருக்கிறதா என்று கேட்டாள். கடைசியில் பழைய நேரத்துக்கே வைத்தார்கள். அதற்கும் சூரியன் வரவில்லை.

பானையில் பால் ஊற்றினால் அது பாட்டுக்குச் சீக்கிரம் பொங்கிவிடும், அரிசிதான் வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதற்குக் காரணம் சொன்னேன், எத்தனை பேர் கேட்டீர்களோ. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் நூறு டிகிரிக்குக் காத்திருக்காது, 95-லேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் சூடு போதாது. அரிசி நறுக்கென்றே கிடக்கும். கீழே இருந்து வந்த மருமகள்கள் முதல் வருஷம் எல்லாம் பொங்கலைப் பாதி வேக்காட்டில் இறக்கி மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். மலைப் பொங்கலுக்கு நேரம் வேண்டும், குந்தியிருக்க ஆள் வேண்டும், ஊதுகுழலை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கதையெல்லாம் நடக்கும். யார் பெண்ணை யாருக்குக் கேட்பது என்பது முதல் நிறுவைக் கொட்டகையில் யாருடைய தராசு சாய்கிறது என்பதுவரை அங்கேதான் முடிவாகும்.

பொங்கினதும் கத்துவோம். “பொங்கலோ பொங்கல்!” அந்தக் கத்தல்தான் நான் சொல்ல வந்தது. நம் தோட்டம் ஒரு கிண்ணம் மாதிரி. ஒரு சரிவில் நம் லயம், எதிர்ச்சரிவில் அடுத்த டிவிஷன் லயம், நடுவில் தேயிலையும் மூடுபனியும். பார்க்க முடியாது, ஆனால் கேட்கும். நாம் கத்தினால் அவர்கள் பதில் கத்துவார்கள். அவர்கள் பானை முதலில் பொங்கிவிட்டால் அவர்கள் முதலில். சில வருஷம் யார் முந்தி என்று சண்டையே வந்திருக்கிறது; பாலில் சோடா உப்புப் போட்டார்கள் என்றெல்லாம் புகார். அந்தப் பக்கம் மாமன் வீடு உள்ள பிள்ளைகள் மாமன் குரலைக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். மூடுபனிக்குள்ளிருந்து வரும் அந்தப் பதில் குரல்.

இப்போது பதில் வருவதில்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்த மலையின் முதல் தோட்டங்கள் உண்டான 1929-க்கும், உதவிப் பணத்தோடு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திய 1938-க்கும் இடையில் ஒன்பது வருஷம்தான். அந்த இடைவெளியில் நேராக வந்தவர்கள் கொஞ்சம், கீழே ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிறகு ஏறியவர்கள் மிச்சம். மூன்று தலைமுறை. கொழுந்தெடுத்த கை, பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்தது, நீங்கள் இறங்கினீர்கள். இறங்கத்தான் வேண்டும். உங்களை இறக்கிவிடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒன்று சொல்வேன், சிரிக்காதீர்கள். ரஸ்ஸலின் தோட்டத்துக்குப் பேர் போ. சீனத்துத் தேயிலை மலை ஒன்றின் பேரிலிருந்து வந்தது என்பார்கள். நம் ஆட்கள் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. “எங்கே வேலை?” என்றால் “போ!” என்பதும், கேட்டவர் கோபித்துக்கொள்வதும் இங்கே பழைய வேடிக்கை. ஒரு மலைக்கே பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது போலும்.

நீங்கள் போன வீடுகளில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். கொழுந்தும் கையால் எடுப்பது குறைந்துவிட்டது. செங்குத்துச் சரிவில் கத்திரி, சமமான இடத்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பிடித்து நடக்கும் இயந்திரம். சுங்கை பாலாஸில் மலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பார்வை மேடையில் நின்று உங்கள் பிள்ளைகள் “கூடை மாட்டின பாட்டி எங்கே?” என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பாட்டி இப்போது குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்த வில்லையில் இருக்கிறாள். கடையில் கிடைக்கும். அசல் பாட்டி கீழே லயத்தில், முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருக்கிறாள். அவளைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

புது ஆட்கள் வந்ததும் பண்டிகை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சில வருஷத்துக்கு முன் ஒரு தைப் பிறப்பன்று நான்கு கிழவிகளும் ஒரு பழைய கங்காணியும் நானுமாகப் பானை வைத்துக் குந்தியிருந்தோம். பக்கத்து வீட்டு நேப்பாளித் தம்பி ஒரு கிண்ணத்தோடு வந்தான். உள்ளே எள்ளுருண்டை. “அம்மா, இன்றைக்கு எங்கள் ஊரிலும் பண்டிகை” என்றான் மலாயில். மாகே சங்கராந்தியாம். மகர மாதம் பிறக்கிற அதே நாள். எள்ளும் வெல்லமும் நெய்யும், அவித்த வள்ளிக்கிழங்கும் சாப்பிடுவார்களாம். நான் ஆசிரியையாக இருந்து என்ன பயன், பக்கத்து வீட்டுக்காரன் பஞ்சாங்கம் நம் பஞ்சாங்கத்தோடு ஒட்டியிருப்பது இத்தனை நாள் தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரர், வயதானவர், இந்தக் குளிர்மாதத்தில்தான் தங்கள் ஊரில் புது அரிசி இடித்து மாவாக்கிப் பேரீச்ச வெல்லம் வைத்துப் பிட்டா சுடுவார்கள் என்றார். சொல்லும்போது கையால் மாவைத் தட்டிக் காட்டினார். எங்கள் கிழவி ஒருத்தி, “நம்ம கொழுக்கட்டதான்” என்று தீர்ப்பு வழங்கினாள்.

அன்றிலிருந்து அவர்களும் வருகிறார்கள். சாமிக்குப் படைத்ததை அந்த வங்காளதேசத்துப் பெரியவர் தொடமாட்டார், அதனால் படைப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்துவிடுகிறோம். ஊதுகுழல் அவர் பொறுப்பு. நேப்பாளித் தம்பி கரும்பைக் கட்டுவான். பானை பொங்குகிறது, அதில் குறையில்லை. கத்துகிறோம். நான்கு கிழவிகளின் தொண்டை மேட்டைத் தாண்டுவதில்லை. நேப்பாளித் தம்பிக்கு வெட்கம், கடைசி எழுத்தை முழுங்கிவிடுகிறான். கத்தி முடித்ததும் எல்லோரும் பழக்கதோஷத்தில் எதிர்ச்சரிவைப் பார்த்துக் காது கொடுக்கிறோம். அந்தப் பக்க லயத்தில் தமிழ்க் குடும்பம் இல்லாமல் போய் நாளாகிவிட்டது என்று தெரிந்தும்தான். சுற்றுலா ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது, ஒரு வருஷம். கங்காணி அதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். டிசம்பரில் எடுக்கும் அந்த இரண்டு நாளைத் தைக்கு மாற்றுங்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பொங்கலுக்கு நாட்டில் எங்கும் பொது விடுமுறை கிடையாது. கொரோனாவால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருந்த பள்ளி ஆண்டு 2026 முதல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. பள்ளி திறந்த சூட்டோடு பொங்கல் வந்து நிற்கும். புதுப் பையும் புது வகுப்புமாக இருக்கும் பிள்ளையைத் தொடக்கத்திலேயே மட்டம் போடவைக்கச் சொல்கிற டீச்சர் நான் இல்லை. அதனால் நாங்களே இறங்கிவருகிறோம். தைப் பிறப்பன்று நாங்கள் கிழவிகள் வழக்கம்போல வைத்துக்கொள்கிறோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய பானை. பட்டணத்தில் சங்கத்துக்குச் சங்கம் மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல் வைக்கிறீர்களே, அந்தச் சலுகை சூரியன் மலைக்கும் தரமாட்டானா? சனிக்கிழமை மதியம் புறப்பட்டால் இரவுச் சந்தைக்கு நேரம் இருக்கும். சாலையில் கூட்டம் இருக்காது. அறை வாடகையும் டிசம்பர் வாடகை இல்லை. மழை விட்டிருக்கும், குளிரும் அசல் குளிராக இருக்கும். ஸ்ட்ராபெரியும் அங்கேயேதான் இருக்கும், ஓடிவிடாது.

ஒரு வேண்டுகோள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே லயத்தில் கூடி நிற்கக் கூடாது. பாதிப்பேர் எதிர்ச்சரிவுக்குப் போக வேண்டும். அங்கே இப்போது இருப்பவர்களிடம் நான் பேசிவிட்டேன். முற்றத்தில் அடுப்பு வைத்துக்கொள்ளச் சம்மதம், பாத்திரம் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். அம்மாக்கள் யார் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். குரலை வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பச்சரிசி, வெல்லம், முந்திரி இங்கே கிடைக்கும், அவை வேண்டாம். மண்பானை வேண்டும், கோலசிலாங்கூர்ப் பக்கம் இருப்பவர்கள் அங்கே சக்கரம் சுற்றும் நம் குயவர்களிடமே வாங்கிவிடுங்கள், வரும் வழியில் வைக்கோல் வைத்துக் கட்டுங்கள், தாப்பா வளைவுகளில் முன்பு ஒருத்தி பானையை ஓடாகத்தான் கொண்டுவந்து சேர்த்தாள். ஆயாக்களுக்குச் சேலை வேண்டாம், பெட்டி நிறைய இருக்கிறது. முழங்காலுக்குப் போடும் கம்பளிப் பட்டை கொண்டுவாருங்கள். நேப்பாளித் தம்பிக்கு நல்ல நெய் ஒரு டின். இஞ்சி மஞ்சள் கொத்து, மாவிலை, கரும்பு இவற்றைத் தாப்பாவிலேயே வாங்கிவிடுங்கள், மேலே விலை வேறு. கடைக்காரன் கரும்பை மூன்றாக வெட்டிக் கட்டித்தரட்டுமா என்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். தோகையோடு முழுசாக இருக்கட்டும். காருக்குள் நீளவாக்கில் போட்டு, நுனி கண்ணாடிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பின்னால் வருகிறவன் தோகையைப் பார்த்ததும் தானாகவே தள்ளி வருவான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தானா ராத்தா